மட்கிப் போகட்டும், அது அவர்களுடைய மரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பழங்குடிகளின் சடங்குப் பொருள்களுக்கு ஏற்ற இடம் அருங்காட்சியகமா, அவற்றைச் செய்த மக்களின் கையா என்பது தலைப்பு. மக்களின் கையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் மூன்று கேள்விகளை வீசிவிட்டு அமர்ந்தார். திருப்பிக் கொடுத்தால் செல்லரித்துப் போகாதா? வாங்கிக்கொள்ள ஷாமன்கள், அதாவது ஆவிகளோடு பேசிச் சடங்கு நடத்தும் பூசாரிகள், எங்கே மிச்சம் இருக்கிறார்கள்? உலகம் பார்த்துப் படிக்க வேண்டாமா? கைதட்டல் பலமாக விழுந்தது. நானும்தான் தட்டினேன். பேச்சில் குறையில்லை, வழக்கில்தான் ஓட்டை.

முதலில் ஒரு மேளத்தின் கதை. ஐரோப்பாவின் வடகோடியில் சாமி என்றொரு மக்கள் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம், கலைமான் மேய்த்து வாழ்ந்த ஓர் இனத்தின் பெயர் அது. அவர்களில் ஆண்டர்ஸ் பவுல்சன் என்றொரு முதியவர். அவருடைய மேளத்தின் தோலில், ஆல்டர் மரப்பட்டைச் சாற்றால் தீட்டிய செந்நிற உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கும். தோலின்மேல் சிறு பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, மான்கொம்புச் சுத்தியலால் தட்டுவார். துண்டு துள்ளித் துள்ளி நகர்ந்து ஏதோ ஓர் உருவத்தின்மேல் போய் நிற்கும். நின்ற இடத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வார்.

1691இல் அந்த மேளத்தைப் பறித்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில், வட நார்வேயின் வட்ஸோ நகரில் அவர்மீது சூனிய வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் அந்தக் கிழவர், இந்த உருவம் இன்னது, அந்த உருவம் இன்னது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எழுத்தர் எழுதிக்கொண்டார். தீர்ப்பு வருவதற்குள், காவலில் இருந்தவரை மனநிலை பிறழ்ந்த ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டான். ஆள் போனார். மேளம், அப்போது நார்வேயையும் ஆண்ட டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் போய் அரசரின் அரும்பொருள் அறையில் அமர்ந்தது.

பார்த்தீர்களா, எடுத்து வைத்ததால்தானே மேளமாவது தப்பியது என்று எதிரணி கேட்கும். தப்பியது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குத் தீ வைத்தவனே உள்ளே புகுந்து ஓர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "நான் இல்லாவிட்டால் இது உருகியிருக்கும்" என்றால் அவனுக்கு மாலையா போடுவோம்? பறித்த அரசும் காத்த அரசும் ஒன்றே, நடுவர் அவர்களே.

காத்த இலட்சணத்தையும் சொல்கிறேன். தோமஸ் ஃபான் வெஸ்டன் என்ற பாதிரியார் சாமி மக்களிடம் திரட்டிய மேளங்கள் சுமார் 100. அவற்றில் 70 வரை 1728இல் கோபன்ஹேகனை விழுங்கிய பெருந்தீயில் சாம்பலாயின. பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்தபோது பிரேசில் பழங்குடிகளின் பொருள்கள் எத்தனையோ அதோடு போயின. அம்மையார் செல்லைப் பற்றி நிறையப் பேசினார். தீயைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சரி, செல்லுக்கே வருகிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஸூனி மக்கள் ஆண்டுதோறும் குளிர்கால நீள் இரவையொட்டி அஹாயுதா என்ற போர்த் தெய்வங்களை மரத்தில் செதுக்குகிறார்கள். கரடிக் குலத்தார் ஒன்று, மான் குலத்தார் ஒன்று. திறந்த வெளிக் கோயிலில் அவற்றை நிறுத்துவார்கள். புதியது வந்ததும் பழையது அருகிலுள்ள குவியலில் சேரும். மழை நனைக்கும், வெயில் பிளக்கும், மரம் மெல்ல மண்ணாகும். மண்ணாவதுதான் அந்தத் தெய்வத்தின் வேலை. அது ஊருக்கே பொது, விற்கவோ கொடுக்கவோ தனி ஆளுக்கு உரிமை கிடையாது. ஆகவே வெளியே போன ஒவ்வொன்றும் களவு போனது என்பது அவர்கள் வாதம். 1978இல் கேட்கத் தொடங்கினார்கள். 1980இல் டென்வர் கலை அருங்காட்சியகம் கொடுத்தது, 1987இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் கொடுத்தது. திரும்பி வந்தவற்றைத் திருடர் நுழையாதபடி அடைத்து வைத்தார்கள், கூரை மட்டும் போடவில்லை. மழை வேண்டுமே!

ஸூனி மக்களை ஷாமன் மரபில் சேர்க்கலாமா என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. அந்தச் சொல்லை யாருக்குப் பொருத்துவது என்று அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தலைப்பில் "சடங்குப் பொருள்" என்றிருப்பதால் நான் பிழைத்தேன். இருந்தாலும் அந்தச் சொல் பிறந்த இடத்துக்கே போவோம். ஷாமன் என்பது சைபீரியாவின் எவென்கி மக்கள் வழியாக உலகுக்கு வந்த சொல். அந்தப் பக்கத்து இனங்கள் பலவற்றுக்கு மேளம் ஒரு குதிரை, அடிக்கும் கோல் சவுக்கு. தோலைக் கட்டியவுடன் எடுத்து அடித்துவிட முடியாது. அந்தத் தோலுக்குரிய விலங்கை மேளத்துக்குள் எழுப்பி உயிரூட்ட ஒரு சடங்கு நடக்கும். ஷாமன் இறந்தால் தோலைக் கிழித்து, கல்லறையருகே மரத்தில் மாட்டிவிடுவார்கள். கிழியாத தோலோடு ஒரு மேளம் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கிறது என்றால், அவர்கள் கணக்கில் அது இறந்த பிறகும் இறக்க விடப்படாத குதிரை.

பூச்சி அரிக்காமல் காக்க அருங்காட்சியகங்கள் எதைத் தடவின தெரியுமா? ஆர்செனிக். எலி பாஷாணத்தின் உயிர்ச்சரக்கு. அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடி மக்களுக்குத் திரும்பி வந்த சடங்குப் பொருள்கள் சிலவற்றில் அந்த நஞ்சு இருந்தது. முகத்தில் அணிந்து ஆட வேண்டிய பொருளில் நஞ்சு! இதையும் பாதுகாப்புக் கணக்கில் எழுதுவதா?

வாங்கிக்கொள்ள ஆள் எங்கே என்ற கேள்விக்குக் கொரியாவைக் காட்டுகிறேன். 1970களில் அங்கே மூடநம்பிக்கை ஒழிப்பு என்று சொல்லி முடாங் என்னும் ஷாமன் பெண்களை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களில் ஒருவரான கிம் கும்-ஹ்வாவை 1985இல் அதே நாட்டு அரசு, மரபுச் சடங்கைக் காப்பவர் என்று அங்கீகரித்துக் கௌரவித்தது. ஆளைத் துரத்திவிட்டு ஆளில்லை என்பது நியாயமா?

உலகம் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. மிஞ்சியிருக்கும் சாமி மேளங்கள் சுமார் 70. அவற்றில் உடையவரே பொருள் சொல்லிப் பதிவானவை மிகச் சில. மற்றவற்றின் முன்னால் நின்று இது மானா, படகா என்று இன்றும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கிழவர் வாய் திறந்ததால்தான் அவருடைய மேளம் படிக்கக் கிடைத்தது.

அந்த மேளம் என்னவாயிற்று என்று சொல்லிவிட்டு அமர்கிறேன். 1979இல் அது வட நார்வேயின் காரஷோக் ஊரிலுள்ள சாமி மக்களின் அருங்காட்சியகத்துக்கு வந்தது, இரவலாக! தங்கள் பாட்டன் சொத்தை 40 ஆண்டுகளுக்கு மேல் இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். 2021இல் சாமி நாடாளுமன்றத் தலைவர் டென்மார்க் அரசியிடமே முறையிட்டார். 2022 ஜனவரியில்தான் உரிமை கைமாறியது. அங்கேயும் கண்ணாடிப் பெட்டிதானே என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து கேட்பார், அவர் முகத்திலேயே தெரிகிறது. ஆமாம் ஐயா, அங்கேயும் கண்ணாடிதான். ஸூனிகள் மழையில் விட்டார்கள், சாமிகள் பெட்டியில் வைத்தார்கள். இரண்டு முடிவையும் உடையவர்கள் எடுத்தார்கள். காரஷோக் பெட்டியின் சாவி காரஷோக்கில் இருக்கிறது.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.