720 ரூபாய்க்கு எண்ணெயைக் கட்டிப் போட்டேன்

வணக்கம் மக்களே! கடாயைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன், பாருங்கள். உள்ளே அரை லிட்டர் எண்ணெய். ஒரு சொட்டு விழவில்லை! இதற்காக நேற்றிலிருந்து அல்லாடுகிறேன்.

நம் வீட்டு ஞாயிறு உங்களுக்குத் தெரியும். காசிமேட்டு மீன், மதியம் வறுவல், அப்புறம் கறுத்துப்போன எண்ணெயை எங்கே கொட்டுவது என்று அம்மாவோடு சண்டை. சிங்க் அடைத்துக்கொண்ட வீடியோவை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் ஜப்பான் வீடுகளில் எண்ணெயை உறைய வைக்கப் போடுகிற தூளை ஆன்லைனில் வாங்கினேன். ஐந்து பாக்கெட் 640 ரூபாய், கூரியர் தனியாக 80. ஒரு பாக்கெட் 144! அந்த அரை லிட்டர் எண்ணெயே அவ்வளவு இல்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தூளின் பூர்வீகம் விளக்கெண்ணெய். ஆமணக்கு உலகத்திலேயே அதிகம் விளைவது நம் நாட்டில்தான்!

தூளின் பெயர் 12-ஹைட்ராக்சிஸ்டீயரிக் அமிலம். குட்டி மூலக்கூறு, 18 கார்பன்தான். ஜெல்லி செய்யப் போடுகிற கடல்பாசி, ஜெலட்டின் மாதிரி நீளச் சங்கிலி கிடையாது. சூடான எண்ணெயில் கரைந்துவிடும். ஆறும்போது நடுவில் இருக்கிற ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், அது அடுத்ததை. இப்படியே நூல் நூலாக நீண்டு, பின்னிக்கொண்டு வலையாகிவிடும். காசிமேட்டு வலையில் தண்ணீர் நிற்காது. இது கண்ணுக்கே தெரியாத பொடிக்கண் வலை, எண்ணெய் உள்ளே மாட்டிக்கொள்கிறது. நூற்றுக்கு மூன்று பங்குகூடத் தேவையில்லை.

ஆறிய பிறகும் எண்ணெய் அந்த அமிலத்தை நன்றாகக் கரைத்து வைத்துக்கொண்டால் வலையே உருவாகாது. கரைக்கவே மறுத்தால் படிகமாக அடியில் தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் ஜெல்.

ஐயோ, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நேற்று ஒரு பாக்கெட்டை ஆறிய எண்ணெயில் கொட்டிவிட்டேன். கட்டி கட்டியாக அடியில் போய் உட்கார்ந்தது. 144 ரூபாய் போச்சு! அந்த அமிலம் உருகவே 75 டிகிரி கிட்ட வேண்டும். அடுப்பை அணைத்த உடனே, எண்ணெய் சூடாக இருக்கும்போதே போட்டுக் கலக்க வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினோமே, ஞாபகம் இருக்கிறதா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2001-லேயே அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்த ஒரு குட்டி மூலக்கூறால், தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் ஜெல்லாக்கிக் காட்டியிருந்தார்கள். சோதனைக்குழாய்க்கும் கடலுக்கும் தூரம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வாளியா?

சரி, மறுபடி சூடு பண்ணினேன். பழையபடி எண்ணெய்! ஆறியதும் திரும்ப ஜெல். மூன்று தடவை செய்துவிட்டேன், சலிக்கவில்லை. நான்காவது தடவைக்குக் கடாய் கிடைக்கவில்லை, அம்மா பிடுங்கிக்கொண்டார்.