ஐந்து கிராம் இறகும் ஆடிக் காற்றும்

(பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுத்தில் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் ஐயா அவர்களே, என்னை மறக்காமல் அழைத்த தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்களே, கோப்பைகளை வாங்கித் தந்த வணிகப் பெருமக்களே, காலையிலிருந்து வெயிலில் விசில் ஊதிக்கொண்டிருந்த என் உடற்கல்வித் தோழர்களே, எல்லாருக்கும் மேலாக, இன்னும் வியர்வை காயாமல் உட்கார்ந்திருக்கும் என் கண்மணிகளே, அனைவருக்கும் வணக்கம்.

அலுவலர் அம்மா அவர்கள் காலையில் ஏரியூரில் ஒரு நிகழ்ச்சி, மதியம் பாப்பாரப்பட்டியில் ஓர் ஆய்வு, இரண்டையும் முடித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்கள். ஒரு வாய் காபி குடிக்கக்கூட அவர்களை நாம் விடவில்லை. பேரூராட்சித் தலைவர் ஐயாவின் தந்தையார் இந்தப் பள்ளிக்குக் கிணறு வெட்ட இடம் கொடுத்தவர். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் முதலில் குடித்தேன். அந்த நன்றியை இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வேன்? பொன்னாடை போர்த்திய பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் என் அன்பு.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, பி.வி. சிந்து என்கிற ஒற்றையர் பேட்மிண்டன் வீராங்கனையின் ஆட்ட வாழ்க்கை. இரண்டு, தோல்வியை ஒரு பெண் எப்படித் தாண்டி வருகிறாள் என்பது. மூன்று, நம் பிள்ளைகள் விளையாட என்ன வேண்டும் என்று இந்த மேடையிடம் ஒரு வேண்டுகோள்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என்னிடம் படித்தவர்கள் இப்போதே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். அம்மியே பறக்கும் என்றால் ஷட்டில் காக் என்ன ஆகும்? பதினாறு இறகு, ஒரு தக்கை. எடை 4.74 கிராமுக்குக் குறையக் கூடாது, 5.50 கிராமுக்கு மிஞ்சக் கூடாது. ஒகேனக்கல் பக்கமிருந்து ஏறி வருகிற காற்று நம் மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால், இந்தக் கோட்டில் அடித்த காக் அடுத்த கொல்லையில் போய் விழும். கம்பளிப் பந்தில் ஆடும் பூப்பந்தைத் திறந்த வெளியில் ஆடலாம். நம் பள்ளிகள் அதில் பெயர் வாங்கியும் இருக்கின்றன. இறகுப்பந்து, அதாவது பேட்மிண்டன், அப்படி இல்லை. அதற்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் வேண்டும். கூரை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று அதை விட்டு நான் அதிக தூரம் போகப் போவதில்லை.

சிந்து 1995 ஜூலை 5ஆம் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்பா ரமணா, அம்மா விஜயா, இருவருமே கைப்பந்து ஆடியவர்கள். 1986இல் சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ரமணா இருந்தார். 2001இல் பேட்மிண்டன் வீரர் புல்லேலா கோபிசந்த் இங்கிலாந்தில் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றபோது சிந்துவுக்கு ஐந்து வயது. அந்த வெற்றியின் ஈர்ப்பில், எட்டு வயதில், பெற்றோரின் கைப்பந்தை விட்டுவிட்டு மட்டையை எடுத்தார்.

அதே 2001ஆம் ஆண்டு நம் மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டிய நிலையில் நாம் இருந்தோம். அங்கே ஓர் அப்பா மகளுக்கு மட்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே நாம் தொட்டில் வைத்துக்கொண்டிருந்தோம். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருடைய அம்மாக்கள் அந்தக் காற்றைத் தாண்டி வந்தவர்களோ! ஆடிக் காற்று ஆடியில் மட்டும் அடிப்பதில்லை.

சிந்து நாள்தோறும் 56 கிலோமீட்டர் பயணம் செய்து கோபிசந்த்தின் பயிற்சிக்கு நேரம் தவறாமல் வந்தார் என்று அப்போதே நாளிதழில் எழுதினார்கள். 56 கிலோமீட்டர் என்றதும் பெற்றோர்கள் வாய் பிளக்க வேண்டாம். இந்தப் பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் போய் வந்தாலும் ஏறக்குறைய அதே தூரம்தான். தூரம் ஒன்றுதான். போய்ச் சேருகிற இடத்தில் அவருக்கு ஒரு கூடம் இருந்தது. அந்தக் கூடம் எப்படி வந்தது? அரசு ஐந்து ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. கோபிசந்த் தன் வீட்டை அடமானம் வைத்தார். ஒரு தொழிலதிபர் பெருந்தொகை கொடுத்தார். அந்தக் கோபிசந்த்திடம் பயின்றுதான் சாய்னா நேவால் 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். அந்தக் கோபிசந்த்திடம் பயின்றுதான் சிந்து 2016இல் ரியோவில் வெள்ளி வென்றார். கூரை முதலில் வந்தது, பதக்கம் பிறகு வந்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை அம்மா கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

2011ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பெயர் சொல்ல மாட்டேன். கால் தரையில் பாவாது, அப்படி ஓடுவாள். ஆடி மாதம், மைதானத்தில் வலை நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு புளி மண்டி. மாசியிலிருந்து வைகாசி வரை அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு நீக்கிக் கொட்டை எடுப்பார்கள். ஆடியில் சரக்கு போய்விடும், கொட்டகை காலி. மண்டிக்காரரிடம் போய்க் கேட்டேன். "டீச்சர், தரையெல்லாம் புளி ஒட்டியிருக்கிறது, கழுவிக்கொண்டால் ஆடிக்கொள்ளுங்கள்" என்றார். மூன்று நாள் கழுவினோம். அப்படியும் செருப்பு ஒட்டிக்கொண்டு பிசுக் பிசுக் என்று சத்தம் வரும். சுண்ணாம்பில் கோடு போட்டோம். ஒற்றையர் ஆட்டத்துக்கு 44 அடி நீளம், 17 அடி அகலம். கொட்டகை அதற்குச் சரியாக இருந்தது.

நான்காம் நாள் அந்தப் பிள்ளையின் பாட்டி வந்தார். கையில் விளக்குமாறு. அதே கொட்டகையில் முப்பது ஆண்டு புளி உடைத்தவர். "வயதுக்கு வந்த பிள்ளையை அரைக்கால் சட்டை போட்டுக் குதிக்க விட்டிருக்கிறீர்களே, நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். நான் பதில் சொல்வதற்குள் பேத்தி இறகுப்பந்தைக் கோட்டோரம் இறக்கினாள். எதிரில் ஆடிய பிள்ளை "வெளியே" என்றாள். பாட்டி விளக்குமாற்றை நீட்டி, "எங்கே வெளியே? உள்ளே விழுந்தது, என் கண்ணால் பார்த்தேன்" என்றார்! அவ்வளவுதான். ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் மடி நிறையப் புளியங்கொட்டையோடு வந்தார். ஒரு பிள்ளைக்குக் கறுப்புக் கொட்டை, இன்னொரு பிள்ளைக்குத் தரையில் தேய்த்து வெளுத்த கொட்டை. ஒரு புள்ளிக்கு ஒரு கொட்டை. இருபத்தொன்று சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. இருபதுக்கு இருபது ஆனால் இரண்டு கொட்டை முந்த வேண்டும், அப்படியே இழுத்துக்கொண்டு போனாலும் முப்பதில் முடித்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரே தடவைதான் சொன்னேன். பிறகு என்னையே திருத்துவார்.

அந்தப் பிள்ளை குறுவட்டப் போட்டியில் முதலிடம் வந்தாள். மாவட்டப் போட்டி ஒரு பெரிய உள்ளரங்கத்தில் நடந்தது. பாட்டியும் முந்தானையில் கொட்டையை முடிந்துகொண்டு பஸ் ஏறினார். உள்ளே போய் அண்ணாந்து பார்த்த பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. எங்கள் கொட்டகையின் விட்டம் பதினான்கு அடி உயரம். உயரத் தூக்கி அடித்தால் விட்டத்தில் படும். பட்டால் புள்ளி போய்விடும். அதனால் என் பிள்ளைகள் எல்லாரும் தாழ்வாகவே அடித்துப் பழகிவிட்டார்கள். ஒற்றையர் ஆட்டத்தின் உயிரே டாஸ் என்கிற உயர்ந்த அடிதான். பின்கோடு வரை உயரத் தூக்கி எதிராளியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அவள் நிலைகுலைந்த நேரத்தில் முன்னே இழுக்க வேண்டும். எதிரில் ஆடிய பெண் விளக்கைத் தொடுவதுபோலத் தூக்கித் தூக்கி அடித்தாள். என் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் கண்ணில் விளக்கு மட்டும்தான். செங்குத்தாக இறங்குகிற இறகுப்பந்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. 21-9, 21-6. பாட்டியின் மடியில் வெளுத்த கொட்டைகள் பதினைந்துதான்.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டி பேசவே இல்லை. இண்டூர் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினார். "கூரையை உயர்த்திக் கொடு டீச்சர், பிள்ளையை நான் அனுப்புகிறேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. மறு ஆண்டு அந்தக் கொட்டகை கைமாறியது. இப்போது அது கல்யாண மண்டபம். அந்தப் பிள்ளை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். மட்டையைத் தொட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்று போன பொங்கலுக்குப் பார்த்தபோது சொன்னாள்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். தோல்வி. 2016, ஆடி முடிந்து ஆவணி பிறந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ரியோ இறுதி ஆட்டம். முதல் ஆட்டத்தை 21-19 என்று சிந்து வென்றார். ஸ்பெயினின் கரோலினா மரின் அடுத்த இரண்டையும் 21-12, 21-15 என்று எடுத்துக்கொண்டார். 2017இல் கிளாஸ்கோவில் உலக இறுதி. ஜப்பானின் ஒகுஹாராவோடு 110 நிமிடம். அதில் ஒரே ஒரு புள்ளிக்கு 73 அடிகள் போய் வந்தன. மூன்றாவது ஆட்டத்தில் 22-20 என்று தோல்வி. 2018இல் காமன்வெல்த்தில் வெள்ளி, உலகப் போட்டியில் வெள்ளி, ஆசியப் போட்டியில் வெள்ளி. "இவருக்கு இறுதி ஆட்டம் வராது" என்று பேசாத வாய் இல்லை. அந்தப் பேச்சும் ஆடிக் காற்றுதான். 2019 ஆகஸ்ட் 25, பாசெல் நகரம், மூன்றாம் முறையாக உலக இறுதி, எதிரில் அதே ஒகுஹாரா. 21-7, 21-7. நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. பேட்மிண்டனில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஒரு பெண். 2021இல் டோக்கியோவில் சீனாவின் ஹீ பிங்ஜியாவோவை வென்று வெண்கலம். 2022இல் பர்மிங்காமில், கணுக்கால் எலும்பில் விரிசலோடு ஆடிக் காமன்வெல்த் தங்கம்.

இதெல்லாம் ஐதராபாத் கதை, நமக்கு எட்டாது என்று நினைக்கிறீர்களா? பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர். அங்கே பிறந்த நித்யஸ்ரீ சுமதி சிவன் 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில், உயரம் குறைந்தோருக்கான ஒற்றையர் பிரிவில், இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்று வென்று வெண்கலம் வாங்கினார். அதே பாராலிம்பிக்கில், வேறொரு ஒற்றையர் பிரிவில், துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம். மூன்றும் தமிழ்நாட்டுப் பெண்கள், மூன்றும் பேட்மிண்டன் ஒற்றையர். துளசிமதி சேலத்தை அடுத்த நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவர். ஓசூரில் பிறந்த பிள்ளையால் முடிந்தது ஏரியூர்ப் பிள்ளையால் முடியாதா? அரூர்ப் பிள்ளையால் முடியாதா?

ஆகவே, அலுவலர் அம்மா அவர்களே, தலைவர் ஐயா அவர்களே, நான் கேட்பது இரண்டே இரண்டு. தருமபுரியில் மாவட்ட விளையாட்டு அரங்கம் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பள்ளி விட்டு நான்கரை மணிக்குக் கிளம்புகிற பிள்ளை அங்கே போய் ஆடிவிட்டு எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள்? ஒன்றியத்துக்கு ஒரு கூடம் வேண்டும். பளிங்குத் தரை வேண்டாம், நாற்காலி வரிசை வேண்டாம், கல்வெட்டுக்கூட வேண்டாம். உயரம் வேண்டும். பெரிய போட்டிகளுக்கு 12 மீட்டர் கேட்கிறார்கள். பயிற்சிக்கு அதில் முக்கால் பங்காவது கொடுங்கள். இரண்டாவது, அந்தக் கூடத்திலிருந்து மாலை ஏழரை மணிக்குக் கிராமங்களுக்கு ஒரு டவுன் பஸ். பெண்கள் கட்டணம் இல்லாமல் போகலாம் என்று அரசு விடியல் பயணம் கொடுத்திருக்கிறது, என் வணக்கம். ஆனால் ஏறுவதற்கு வண்டி வர வேண்டும். இருட்டில் மகள் எப்படி வருவாள் என்று ஓர் அம்மா பயப்பட்டால், அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். அம்மி பறக்காமல் இருக்க வேண்டுமென்றால் அதை வீட்டுக்குள் வைக்கிறோம் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன்.

வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டிருக்கிறேன். மனு அங்கே இருக்கிறது, பேனாவும் மைப்பெட்டியும் இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்கள் தயங்க வேண்டாம். முதல் பக்கத்தில் முதலாவதாக இருப்பதே ஒரு கைநாட்டுதான், நேற்று நான் அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போய் வாங்கி வந்தது. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். காலை எட்டு மணிக்குப் பென்னாகரம் பஸ் நிலையத்தில் மனுவோடு நிற்பேன். வரக்கூடியவர்கள் எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், அதற்கு மேல் காத்திருந்தால் வரிசையில் பின்னால் போய்விடுவோம்.

வணக்கம்.