"யெஸ்"ஸா, "நோ"வா? தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசும்போது எங்க இடறுது

வணக்கம் மக்களே. இன்னைக்கு சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். இங்கிலீஷ் பேசும்போது நாம பண்ற தப்புல எது நிஜமாவே அர்த்தத்தை மாத்திடும், எது அவ்வளவு பெரிய விஷயமே இல்லைன்னு பிரிச்சு சொல்லப் போறேன். எல்லாத் தப்பையும் ஒண்ணாச் சேர்த்து, "இப்படிப் பேசினா மானம் போயிடும்"னு பயமுறுத்துற வீடியோ நிறைய வருது. அதைப் பார்த்துட்டு வாயையே திறக்காம உட்கார்ந்துடுற பிள்ளைங்களை நான் தொடர்ந்து பாக்குறேன். நல்லாப் படிச்ச பிள்ளைங்க. எனக்கு மனசு கேக்கல. அதான் இந்த வீடியோ.

முதல்ல, அர்த்தமே தலைகீழா மாறுற தப்பு. ஒரு ஆபரேஷனுக்கு முன்னாடி நர்ஸ் வந்து கேக்குறாங்கன்னு வச்சுக்கோங்க. "யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங் சின்ஸ் லாஸ்ட் நைட்?" நாம என்ன சொல்லுவோம்? "யெஸ்." ஏன்னா மனசுக்குள்ள அந்தக் கேள்வி, "ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைல்ல?"ன்னுதான் கேக்குது. அதுக்குத் தமிழ்ல பதில், "ஆமா, சாப்பிடல." ரொம்பச் சரியான தமிழ். ஆனா இங்கிலீஷ் மட்டுமே பேசுறவங்க காதுல அந்த "யெஸ்" எப்படி விழும் தெரியுமா? "சாப்பிட்டேன்"னு விழலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயித்துல சாப்பாடு இருந்தா, அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போற ஆபத்து இருக்கு. அதுக்காகத்தான் அவங்க அந்தக் கேள்வியையே கேக்குறாங்க.

விஷயம் இதுதான். தமிழ்ல நாம கேக்குறவங்களைப் பார்த்து பதில் சொல்றோம். நீங்க சொன்னது சரின்னா "ஆமா", தப்புன்னா "இல்லை". இங்கிலீஷ்ல கேக்குறவங்களைப் பாக்கவே கூடாது, நடந்ததை மட்டும் பாக்கணும். சாப்பிட்டிருந்தா "யெஸ், ஐ ஹேவ்." சாப்பிடலைன்னா "நோ, ஐ ஹேவன்ட்." கேள்வி எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் பதில் மாறாது. ஜப்பான்காரங்க, கொரியாக்காரங்க, சீனாக்காரங்க எல்லாருக்கும் இதே சிக்கல் இருக்கு. அவங்க மொழியும் இந்த விஷயத்துல நம்ம மாதிரிதான். அதனால இது அறிவுக் குறைவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சட்டுனு தப்பிக்க ஒரு வழி சொல்றேன். வெறும் "யெஸ்", வெறும் "நோ"வோட நிறுத்தாதீங்க. முழு வாக்கியமாச் சொல்லிடுங்க. "ஐ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங்." அவ்வளவுதான், குழப்பத்துக்கு இடமே இல்லை. ஏர்போர்ட்ல, விசா இன்டர்வியூல, ஆஸ்பத்திரியில இதைக் கண்டிப்பாப் பண்ணுங்க.

இதே குடும்பத்துல இன்னொண்ணு. பஸ்ல ஒருத்தர் பக்கத்து சீட்டைக் காட்டி, "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?"னு கேக்குறார். நாம சிரிச்ச முகமா "யெஸ் யெஸ்"ங்கிறோம். "உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"ன்னு கேட்டதுக்கு "இருக்கு, இருக்கு"ன்னு சொன்ன மாதிரி ஆயிடுது. "நாட் அட் ஆல்"னு சொல்லிப் பழகுங்க.

அடுத்தது நம்ம "தான்". தமிழ்ல இது இல்லாம ஒரு நாள் ஓடாது. "அண்ணன்தான் ஃபீஸ் கட்டினான்." இதை அப்படியே எடுத்து "மை பிரதர் ஒன்லி பெய்டு தி ஃபீஸ்"னு சொல்றோம். நமக்குள்ள பேசும்போது இது ஜோராப் புரியும். ஆனா வெளியாளுக்கு "ஒன்லி"ன்னா "மட்டும்". "அண்ணன் ஃபீஸ் மட்டும் கட்டினான், வேற ஒண்ணும் பண்ணலை"ன்னு புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்கு. பாவம், அண்ணனுக்குக் கெட்ட பேரு. "தான்" செய்யற வேலையை இங்கிலீஷ்ல பெரும்பாலும் குரல்தான் செய்யும். "மை பிரதர்"ங்கிற இடத்துல குரலை அழுத்துங்க, மத்ததைச் சாதாரணமா விடுங்க. போதும். இல்லைன்னா "இட் வாஸ் மை பிரதர் ஹூ பெய்டு". "இங்கதான் இருக்கேன்" அப்படிங்கிறதுக்கு "ஐ ஆம் ரைட் ஹியர்". "நாளைக்குத்தான் வருவேன்"னா "ஐ வோன்ட் பி தேர் அன்டில் டுமாரோ". பாருங்க, ஒரே "தான்"தான், ஆனா ஒவ்வொரு இடத்துலயும் இங்கிலீஷ் வேற வேற வழியில போகுது. அதனால "ஒன்லி"ன்னு வாயில வந்தா ஒரு நொடி நிறுத்தி, "இங்க நான் சொல்ல வர்றது மட்டுமா, தானா?"ன்னு கேட்டுக்கோங்க.

ஆபீஸ்ல வெளிநாட்டு கிளையன்ட் கூடப் பேசுறவங்களுக்கு ஒண்ணு. "ஐ ஹேவ் எ டவுட்." நமக்கு சந்தேகம்னா புரியாத இடத்தைக் கேக்குறது. அவங்களுக்கு "டவுட்"னா நீங்க சொல்றதை நான் நம்பலைங்கிற வாடை அடிக்கும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்"னு சொல்லிட்டுப் போயிடுங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு இடம். நம்ம பிள்ளைங்க நிறைய பேர் அம்மாவைப் பத்திப் பேசும்போது "மை மதர் ஈஸ் எ டீச்சர், தே ஆர் வொர்க்கிங் இன் திருச்சி"ன்னு சொல்லுவாங்க. டீச்சரைப் பத்தியும் "தே"தான். கேக்குறவங்க "யாரு அந்த இன்னும் ரெண்டு பேரு?"ன்னு முழிப்பாங்க. ஆனா இது எங்கேர்ந்து வருதுன்னு நமக்குத் தெரியும். அம்மா "சொன்னாங்க", டீச்சர் "வந்தாங்க". அம்மாவை வெளியாள்கிட்ட "அவ வந்தா"ன்னு சொல்ல எத்தனையோ பேருக்கு நாக்கு வராது. "ஷீ"ன்னு சொல்லும்போது உள்ளுக்குள்ள அந்த "அவ" கேக்குது, மரியாதை குறையுதேன்னு மனசு பதறுது. இங்கிலீஷ்ல மரியாதை அந்தச் சொல்லுல உட்காரலைங்க. அங்க ராணியையும் "ஷீ"ன்னுதான் சொன்னாங்க. அம்மாவை "ஷீ"ன்னு தைரியமாச் சொல்லுங்க.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். இங்கதான் நான் முக்கியமா ஒண்ணு சொல்லணும். "தமிழை மறந்துட்டு இங்கிலீஷ்லயே யோசி"ன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. பல இடத்துல தமிழைக் கவனிச்சுப் பார்த்தா, அதுவே இங்கிலீஷைச் சொல்லிக் கொடுக்கும்.

"ஐ டிட் நாட் வென்ட்." எத்தனை தடவை திருத்தினாலும் திரும்ப வரும் இந்தத் தப்பு. இப்ப தமிழ்ல பாருங்க. "நேத்து போனேன்." இதை மறுத்துச் சொல்லுங்க. "போனேன் இல்லை"ன்னு யாராவது சொல்றோமா? "போகல"ங்கிறோம். "போனேன்"ல இருந்த இறந்த காலம் காணாமப் போயிடுச்சு, "போக"ன்னு வெறும் வினை மட்டும் நிக்குது. இங்கிலீஷும் அதையேதான் பண்ணுது. "வென்ட்" போய் "கோ" வந்துடுது, காலத்தை "டிட்" வாங்கிக்குது. "டிட் நாட் வென்ட்"னு வாயில வரும்போதெல்லாம் "போனேன் இல்லை"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. உங்க காதே ஏத்துக்காது. கேள்வியில மட்டும் இந்த வழி உதவாது, ஏன்னா "போனியா?"ல தமிழ் காலத்தை விடாமப் பிடிச்சுக்குது. "டிட் யூ கோ?"வைப் பழகித்தான் ஆகணும்.

அடுத்து "எ", "தி"ங்கிற ஆர்ட்டிகிள். தமிழ்ல இது இல்லவே இல்லைன்னு சொல்லிக் கொடுக்குறாங்க. அந்தச் சொல் இல்லை, உண்மைதான். ஆனா அந்த வேலை தமிழ்ல நடக்குது. "கடையில புத்தகம் வாங்கினேன்." "கடையில புத்தகத்தை வாங்கினேன்." ரெண்டும் ஒண்ணா? இல்லை. முதல்ல சொன்னது ஏதோ ஒரு புத்தகம். ரெண்டாவது, நமக்குள்ள ஏற்கெனவே பேசின அந்தப் புத்தகம். முதலாவது "எ புக்". ரெண்டாவது "தி புக்". அந்த "ஐ" உருபு இருக்கே, ரெண்டாம் வேற்றுமை, அது உயிரில்லாத பொருள் கூட வரும்போது பல இடத்துல "தி"யோட வேலையைத்தான் பண்ணுது. ஆளுங்களுக்கு இது பொருந்தாது, "ஒரு பையனைப் பார்த்தேன்"னு ஆளுக்குப் பெரும்பாலும் "ஐ" போட்டுடுவோம்.

இன்னொண்ணு பாருங்க. "மேஜை மேல புத்தகம் இருக்கு." "புத்தகம் மேஜை மேல இருக்கு." அதே நாலு சொல்லு, இடம் மட்டும் மாறியிருக்கு. முதலாவது "தேர் ஈஸ் எ புக் ஆன் தி டேபிள்". ரெண்டாவது "தி புக் ஈஸ் ஆன் தி டேபிள்". இந்த வித்தியாசம் உங்களுக்குப் பிறந்ததிலேர்ந்து தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கல. வகுப்புல இதைச் சொல்லும்போது பிள்ளைங்க முகம் மாறுறதைப் பார்த்திருக்கேன். "எனக்கு ஆர்ட்டிகிளே வராது மேம்"னு சொன்ன பிள்ளைங்க அவங்க.

எல்லா இடத்துலயும் தமிழ் இப்படிக் கைகொடுக்குமான்னா, கொடுக்காது. "கார் வச்சிருக்கேன்"ங்கிறது "ஐ ஆம் ஹேவிங் எ கார்" ஆயிடுது. "ஐ ஹேவ் எ கார்" போதும். "தெரியும்", "பிடிக்கும்", "வேணும்", இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல "இங்" சேர்க்காதீங்க. "போடு"ன்னு ஒரு வினையை வச்சு நாம டீ போடுவோம், போன் போடுவோம், சண்டை போடுவோம், சட்டை போடுவோம். இங்கிலீஷ்ல இந்த நாலுக்கும் மூணு வினை வேணும். "மேக் டீ", "மேக் எ கால்", "ஃபைட்", "வேர் எ ஷர்ட்". மாத்திரையை "ஈட்" பண்ண மாட்டாங்க, "டேக்" பண்ணுவாங்க.

பாத்தீங்களா, இப்ப நானே "டேக் பண்ணுவாங்க"ன்னு சொன்னேன். இந்த "பண்ணு" இருக்கே, எந்த இங்கிலீஷ் சொல்லையும் தமிழ் வினையாக்கிடும். அழகான வசதி. ஆனா "லைட்டை ஆஃப் பண்ணு"ன்னு பழகிட்டு, இங்கிலீஷ் பேசும்போது "பண்ணு"வை மட்டும் கழட்டிட்டா "ஆஃப் தி லைட்"னு வந்து நிக்கும். வினையே இல்லை அதுல. "டர்ன் ஆஃப்" இல்லைன்னா "ஸ்விட்ச் ஆஃப்".

"டிஸ்கஸ் அபவுட்", "டுடே மார்னிங்", "யெஸ்டர்டே நைட்", எல்லாத்துக்கும் "இஸின்ட் இட்", இதெல்லாம் திருத்திக்கலாம், ஆனா இதால யாருக்கும் அர்த்தம் மாறாது. ராத்திரி தூக்கம் கெட வேண்டிய விஷயமில்லை. "திஸ் மார்னிங்", "லாஸ்ட் நைட்" மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

சிலதைத் தப்புன்னே சொல்ல மாட்டேன். "ப்ரீபோன்", அதாவது குறிச்ச நாளை முன்னாடி கொண்டு வர்றது, நம்ம நாட்டுல புழங்கி வளர்ந்த சொல், ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலயே இருக்கு. "கசின் பிரதர்"னு சொன்னா கிண்டல் பண்றாங்க. ஆனா பெரியப்பா பையன் நமக்கு அண்ணன், மாமா பையன் முறைப்பையன். ரெண்டு பேரையும் "கசின்"னு ஒரே சொல்லுல அடைக்க நமக்கு மனசு வரல. சகலைக்கு இங்கிலீஷ்ல சொல்லே இல்லை, அதனால "கோ-பிரதர்"னு நாமளே உண்டாக்கிக்கிட்டோம். ஊர்ல தாராளமாச் சொல்லுங்க. லண்டன்ல இருக்குறவர்கிட்ட மட்டும் "மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்"னு விரிச்சுச் சொல்லுங்க, ஏன்னா அவருக்குப் புரியணும்.

ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பீக்கிங் டெஸ்ட் 11 நிமிஷத்திலேர்ந்து 14 நிமிஷம் வரைக்கும் நடக்கும். மதிப்பெண்ணை நாலு விஷயத்துக்குச் சமமாப் பிரிச்சிருக்காங்க. தடையில்லாம, தொடர்ச்சியாப் பேசுறது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இலக்கணம் நாலுல ஒண்ணுதான். தப்பு வந்துடுமோன்னு நீங்க ஒவ்வொரு வாக்கியத்துலயும் தயங்கி நின்னா, இலக்கணத்துல காப்பாத்துறதை சரளத்துல இழக்குறீங்க.

உச்சரிப்புல ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன், ரெண்டுமே போன்ல காசு சம்பந்தமா மாட்டிவிடும். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி". தமிழ்ல ஒரு சொல்லுக்குள்ள எந்த அசையை அழுத்தினாலும் அர்த்தம் மாறாது. அதனால நாம ரெண்டையும் ஒரே மாதிரி தட்டையாச் சொல்லிடுறோம். பதினஞ்சுக்கு "டீன்"ல அழுத்தி, கொஞ்சம் இழுக்கணும். அம்பதுக்கு "ஃபிஃப்"ல அழுத்தி "டி"யைச் சுருக்கி விட்டுடணும். சந்தேகமா இருந்தா "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ"ன்னு பிரிச்சுச் சொல்லுங்க.

ரெண்டாவது, சொல்லோட முதல்ல "எ" வந்தா தமிழ் நாக்கு முன்னாடி ஒரு "ய"வைச் சேர்த்துக்கும். "எலி"யை "யெலி"ன்னுதானே சொல்றோம்? அதே பழக்கத்துல எம், என் ரெண்டும் "யெம்", "யென்" ஆயிடுது. மெயில் ஐடி சொல்லும்போது எதிர்ப்பக்கம் இருக்குறவங்க ஒண்ணை இன்னொண்ணா எழுதிடுவாங்க. "எம் ஃபார் மைக், என் ஃபார் நவம்பர்"னு சொல்லிடுங்க. விமானத்துறையில உலகம் பூராவும் அப்படித்தான் சொல்றாங்க. உங்க பேர்ல, மெயில் ஐடியில இருக்குற எழுத்துக்கு மட்டும் இந்த மாதிரி ஒவ்வொரு சொல் எடுத்து, ஒரு சீட்டுல எழுதி, போன் கவருக்குப் பின்னாடி சொருகி வச்சுக்கோங்க. அடுத்த தடவை பேங்க்லேர்ந்து கால் வரும்போது அதைப் பார்த்து நிதானமாச் சொல்லலாம்.