சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான்

நேயர்களுக்கு வணக்கம். கட்டடக்கலை வரலாற்றைக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் முயற்சிகளிலும் பல காலமாக இருக்கிறேன். வகுப்பில் சொல்வதைத்தான் வெளியிலும் சொல்கிறேன்: சுண்ணாம்பில் கட்டிய சுவரைச் சிமென்டால் பூசாதீர்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய பாணி மாடித் தளம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரம், அதன் மேல் வரிசையாகக் கட்டைகள், அவற்றுக்கு இடையே சாய்வாக அடுக்கிய சின்னச் செங்கற்கள். மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளம், அப்புறம் தட்டோடு. கம்பியே கிடையாது.

அப்படி ஒரு வீட்டை அளந்து வரைய மாணவர்களைக் கூட்டிப்போனேன். மராமத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், பரம்பரைக் கொத்தனார், "அளந்தா போதுமா தம்பி, தளம் எப்படிப் போட்டாங்கன்னு கேக்க வேணாமா?" என்றார். பிள்ளைகள் டேப்பைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சுண்ணாம்பில் கலக்கக் கடுக்காயை ஊறவைப்பது, வெல்லத் தண்ணீர் சேர்ப்பது, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடியபடி நாள்கணக்கில் கட்டையால் அடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எப்போது அடிப்பதை நிறுத்துவது என்று ஒரு மாணவி கேட்டாள். "கட்டை துள்ளித் திரும்பணும்மா. அதுவரைக்கும் அடிக்கணும்." எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்கு அதைக் கையில் பிடித்துக் காட்டியிருக்காது.

அப்புறம் அவரே கீழே கூட்டிப்போய், சிமென்ட் பூசிய ஒரு சுவரைக் காட்டினார். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், செங்கல் உதிரும். வீட்டுக்காரர் பதறிப்போய் மறுபடியும் சிமென்டையே பூசுவார். நோயைக் கொடுத்ததையே மருந்தாகக் கொடுக்கிறோம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான்.

இந்தக் காலத்தில் சுண்ணாம்பில் வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் சேப்பாக்கம் போய்ப் பாருங்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகால் தீயில் எரிந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. பிறகு பொதுப்பணித் துறை சுண்ணாம்பைக் கொண்டே அதைச் சீரமைத்தது. அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் தடுத்தது. 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வணக்கம்.