குண்டின் மேல் அன்னாசிக் கட்டங்கள் எதற்கு?

சரி, அடுத்த கேள்வி. "பழைய கையெறி குண்டுகளின் மேல் அன்னாசிப்பழம் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கிறதே, வெடிக்கும்போது அந்தக் கட்டங்களாகவே உடைந்து சிதறத்தானே அப்படிச் செய்தார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆங்கிலேயர்களின் புகழ்பெற்ற 'மில்ஸ் குண்டை' எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கிய வில்லியம் மில்ஸின் குறிப்புகளில் வேறு காரணம் இருக்கிறது. கை வழுக்காமல் பிடிப்பதற்காகத்தான் அந்தக் கட்டங்கள். வெடிக்கும்போது வார்ப்பிரும்பு அந்தக் கோடுகளைப் பார்த்து உடைவதில்லை, தாறுமாறாகத்தான் உடையும்.

பிடிமானம் ஏன் அவ்வளவு முக்கியம்? முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளை நினைத்துப் பாருங்கள். மழை, முழங்கால் சேறு, நடுங்கும் கை. 1914இல் பிரிட்டிஷ் படையிடம் இருந்த குண்டுக்கு நீளமான கைப்பிடி, மோதினாலே வெடிக்கும். எறிவதற்காகக் கையைப் பின்னால் ஓங்கும்போது குழியின் பின்சுவரில் இடித்து, எறிந்தவனே செத்த சம்பவங்கள் உண்டு. குண்டு போதாமல் ஜாம் டப்பாவில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்துத் திரி வைத்து எறிந்தார்கள். பாவம், அந்த நிலைமை.

1915இல் வந்ததுதான் மில்ஸ் குண்டு. மில்ஸ் பர்மிங்ஹாமில் அலுமினிய வார்ப்பாலை நடத்தியவர். ரோலண்ட் என்ற பெல்ஜிய ராணுவ அதிகாரியின் வடிவமைப்பை எடுத்துச் சீர்படுத்தினார், அதையும் சொல்லிவிட வேண்டும். இதில் பின்னைப் பிடுங்கினாலும் உள்ளங்கை லிவரை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் ஆகாது. கையை விட்ட பிறகுதான் திரி பற்றும். எறிபவனுக்கு முதல்முறையாக ஒரு நம்பிக்கை வந்தது அப்போதுதான். அந்த லிவரை விடாமல் பிடிக்கத்தான் பிடிமானம் தேவை. இப்போது கட்டங்களின் அருமை புரிகிறதா?

முதலில் திரி எரிய 7 விநாடி. இரண்டாம் உலகப் போரில், 1940 பிரான்ஸ் சண்டையில், அது அதிகம் என்று தெரிந்தது. எதிரி தப்பி ஓடவோ, எடுத்துத் திருப்பி எறியவோ நேரம் கிடைத்தது. அதனால் 4 விநாடியாகக் குறைத்தார்கள்.

அப்புறம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். இதில் '36 எம்' என்று ஒரு வகை உண்டு. அந்த 'எம்' மெசபடோமியாவைக் குறிக்கும், இன்றைய ஈராக். அந்த வெப்பப் பகுதியில் ஈரம் உள்ளே போகாமல் இருக்க அரக்குப் பூசி அடைத்தார்கள். நம் ஊரில் தபால் உறைக்கு முத்திரை வைப்பார்களே, அதே அரக்குதான்.

இந்த 36ஆம் எண் குண்டு நம் இந்திய ராணுவத்திலும் வெகுகாலம் இருந்தது. அதற்கு மாற்றாக நாக்பூரில் தயாரான புதிய கையெறி குண்டுகளை ராணுவத்திடம் ஒப்படைத்தது 2021 ஆகஸ்டில்தான்.