முதல் மூன்று நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு உதவி தேடுவது பற்றிப் பேசுகிறேன். கேட்கச் சிரமமாக இருந்தால் வானொலியை நிறுத்திவிடுங்கள், தவறே இல்லை.

நகரத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். வாடகைக் காரில் ஏறும் முன் வண்டி எண்ணைச் செயலியில் வந்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள். போகும் வழியை நம்பிக்கையான ஒருவருக்குக் கைபேசியில் பகிருங்கள். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் நேரே வீட்டுக்குப் போகாமல், ஆட்கள் இருக்கும் இடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். எல்லாம் உபயோகமான யோசனைகள்தான். ஆனால் இத்தகைய குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர் ஏற்கெனவே தெரிந்தவர்: துணைவர், உறவினர், கூட வேலை பார்ப்பவர். வண்டி எண்ணைச் சரிபார்த்து அவரிடமிருந்து தப்ப முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஏதாவது நடந்துவிட்டால் அதே பட்டியலை எடுத்து, பாதிக்கப்பட்டவரையே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். ஏன் அந்த நேரத்தில் போனாய்? ஏன் அவனோடு போனாய்? ஏன் கத்தவில்லை?

கடைசிக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் நகரில் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குத் தாக்குதலின்போது உடல் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோயிருந்தது. கையைக் காலை அசைக்க முடியாது, குரல் எழாது. பேரச்சத்தில் உடல் தானாகச் செய்வது அது. சம்மதம் என்று அதற்கு யாரும் பெயர் வைக்க முடியாது.

சரி, நடந்துவிட்டது. இனி என்ன செய்வது? முதலில் ஆபத்தில்லாத இடத்துக்குப் போங்கள். நம்பும் ஒருவரை அழையுங்கள். பிறகு, முடிந்தவரை சீக்கிரம் மருத்துவமனைக்கு வாருங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவாகட்டும் என வீட்டிலேயே காத்திருப்பவர்கள் நிறைய பேர். இதில்தான் நாட்கள் வீணாகின்றன. காவல்துறைக்குப் போகும் முடிவு நிதானமாக வரலாம், மருந்துகள் அப்படிக் காத்திருக்காது.

எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை 5 நாட்கள் வரை கொடுக்கலாம், அதிலும் தாமதமானால் பலன் குறையும். மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசியும், மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்தும் உண்டு. வெளிக்காயம் இல்லையே, எதற்கு மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். பலருக்குக் காயம் எதுவும் கண்ணில் படாது.

குளிக்காமல், உடை மாற்றாமல் வந்தால் தடயம் எடுப்பது எளிது. உடை மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றியதைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். பானத்தில் ஏதோ கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் கழியும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வையுங்கள், சில மருந்துகள் அரை நாளுக்குள் உடலைவிட்டுப் போய்விடும். ஆனால் குளித்துவிட்டவர்களும், இரண்டு மூன்று நாள் கழித்து வருபவர்களும், அப்போதும் வரலாம். உடனே குளிக்கத் தோன்றுவது இயல்பு. அதற்காக எந்த மருத்துவரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் சம்மதம் கேட்கப்பட வேண்டும். பாதியில் வேண்டாம் என்றும் சொல்லலாம். கன்னித்தன்மைச் சோதனைக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது. அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் கூட்டாகக் கேட்டுக்கொண்டன. ஆண்களும் சிறுவர்களும் திருநர்களும் இதே சிகிச்சைக்கு உரியவர்கள். வெட்கத்தில் அவர்கள் வருவதேயில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது, உங்களிடம் யாராவது இதைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அறிவுரை சொல்லத்தான் நாக்கு துடிக்கும். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். “உன்னை நம்புகிறேன், இதில் உன் தப்பு எதுவும் இல்லை” என்று சொன்னால் போதும். நடந்ததை விலாவாரியாகச் சொல்லச் சொல்லித் துருவாதீர்கள். கட்டாயப்படுத்திப் பேச வைத்தால் மனம் ஆறிவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. அவரைக் கேட்காமல் வேறு யாருக்கும் தெரிவிக்க வேண்டாம், குழந்தையாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. தூக்கமின்மையும் திடுக்கிடலும் பலருக்குச் சில வாரங்களில் தணியும். தணியவில்லை என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம், ஒரே நாளோடு சிகிச்சை முடிவதில்லை. எச்ஐவி தடுப்பு மருந்தை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அது குமட்டும், பாதியில் விட்டுவிடத் தோன்றும். தடுப்பூசியின் அடுத்த தவணைகளுக்கும், சில வாரங்கள் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனைக்கும் வர வேண்டும். முதல் நாள் துணைக்கு வர ஆள் கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவை பெரும்பாலும் தனியாகத்தான் வருகிறார்கள், பலர் வராமலே நின்றுவிடுகிறார்கள். துணைக்கு வருபவர் அந்தத் தேதிகளை மருத்துவரிடம் கேட்டு முதல் நாளே தன் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.