இரும்புக்குப் பக்கத்தில் ஒரு நைட்ரஜன்

நேயர்களுக்கு வணக்கம். இரும்பு என்றதும் துருதான் நினைவுக்கு வரும். அந்த இரும்பை வைத்துக்கொண்டு, காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் வாயு உண்டாக்குகின்றன. அதே வேலைக்கு நாம் பிளாட்டினத்தை நம்பியிருக்கிறோம்.

வேலை என்னவோ சின்னதுதான். இரண்டு புரோட்டான், இரண்டு எலக்ட்ரான். சேர்ந்தால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. பாக்டீரியாவிடம் உள்ள ஹைட்ரோஜினேஸ் என்ற நொதி இதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிறது.

1998, 1999 ஆண்டுகளில் அந்த நொதியின் உள்ளமைப்பு தெரியவந்தது. அருகருகே இரண்டு இரும்பு அணுக்கள். இரண்டையும் பிணைக்கும் இரண்டு கந்தகம். சுற்றிலும் கார்பன் மோனாக்சைடும் சயனைடும். ஆமாம், நம்மைக் கொல்லக்கூடிய அதே இரண்டும்தான். இதே சாயலுள்ள இரும்புச் சேர்மம் ஒன்றை 1920களின் கடைசியிலேயே வேதியியலாளர்கள் குடுவையில் தயாரித்திருந்தார்கள், நொதியைப் பற்றி எதுவும் தெரியாமலே.

இரண்டு கந்தகங்களையும் இணைக்க ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் நடு அணு எது? கார்பனா, நைட்ரஜனா, ஆக்ஸிஜனா? எக்ஸ்ரே படத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 2013இல் அந்த ஓர் அணு மட்டும் மாறும்படி நொதியின் இரும்பு மையத்தைப் போன்ற மூன்று மாதிரிச் சேர்மங்களைச் செய்து, உள்ளே காலியாக இருந்த நொதிக்குள் பொருத்திப் பார்த்தார்கள். நைட்ரஜன் வைத்ததற்கு உயிர் வந்தது. மற்ற இரண்டும் ஏறக்குறைய சும்மா கிடந்தன. இரும்பு அதே இரும்பு, கந்தகம் அதே கந்தகம். மாறியது ஒரே ஓர் அணு!

காரணம், கைமாற்றுதல். தீ அணைக்க வரிசையாக நின்று வாளி கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புரதத்தின் வழியே வரும் புரோட்டானை நைட்ரஜன் வாங்கி, இரும்பின் பக்கம் நீட்டுகிறது. வாங்கித் தர ஆள் இல்லையென்றால், தண்ணீர் இருந்தும் தீ அணையாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வினையூக்கி வடிவமைப்பவர்கள் இரும்பை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் நிற்பது யார் என்று பார்க்க வேண்டும்.

இந்த மாதிரிகளின் தயாரிப்பில், கார்பன் பாலம் சுலபம். கரும்பச்சையான இரும்புக் கார்போனைலை (இரும்போடு கார்பன் மோனாக்சைடு பிணைந்த சேர்மம்) டொலுயீன் என்ற கரைப்பானில் போட்டு, பாலத்துக்கான கார்பனும் இரண்டு கந்தகமும் கொண்ட புரோப்பேன் டைதயோல் சேர்த்து, நைட்ரஜன் வாயுவின் கீழ் கொதிக்கவிட்டால் பச்சை மாறிச் சிவப்பாகும். நைட்ரஜன் பாலத்துக்கு அப்படியில்லை. இரண்டு கந்தகமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் சிவப்பு இரும்புச் சேர்மத்தை மைனஸ் 78 டிகிரிக்குக் குளிர்வித்து, ஹைட்ரைடு (எலக்ட்ரான் ஒன்று கூடுதலாக உள்ள ஹைட்ரஜன்) கொடுத்து அந்தப் பிணைப்பை உடைத்து, அமிலம் விட்டு, பிறகு ஃபார்மால்டிஹைடும் அம்மோனியம் கார்பனேட்டும் சேர்க்க வேண்டும். காற்று புகுந்தால் பழுப்பு வண்டல்தான் மிஞ்சும். கார்பன் மோனாக்சைடு வெளிவரும் என்பதால் புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே இதைத் தொடவே கூடாது.

நைட்ரஜன் வைத்தும் பல மாதிரிகள் சோம்பிப்போகின்றன. நொதியில், புரோட்டான் எலக்ட்ரான்களோடு சேர்ந்து உண்டாகும் ஹைட்ரைடு ஒரே இரும்பின் நுனியில் உட்காருகிறது. புரதம் அந்த இடத்தைக் காலியாக வைத்துக் காக்கிறது. குடுவையில் அது இரண்டு இரும்புக்கும் நடுவே நழுவிப் படுத்துக்கொள்கிறது. அங்கே அதற்குச் சுகம், நமக்கு நஷ்டம்: மாதிரிகளுக்கு எலக்ட்ரானை மின்முனை வழியே கொடுக்கும்போது, அதைக் கிளப்ப மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். பருமனான பாஸ்ஃபீன்களை (பாஸ்பரஸ் சேர்மங்களை) இரும்பில் கட்டி இந்த நழுவலைத் தாமதப்படுத்துகிறார்கள்.

நேரம் குறைந்துவிட்டது, ஆக்ஸிஜனைத் தாங்கவைப்பது பற்றிப் பேச முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மாணவர்களுக்கு மட்டும் இரண்டு சொல். மின்சுற்றை முடிக்க எதிரே வைக்கும் துணை மின்முனையாகப் பிளாட்டினம் வைக்காதீர்கள். அது கரைந்துவந்து வினை நடக்கும் மின்முனையில் படிந்து, பொய்யான வேகம் காட்டும். சோதனை முடிந்ததும் வினை நடந்த மின்முனையைக் கழுவி, வினையூக்கி சேர்க்காத புது அமிலக் கரைசலில் வையுங்கள். மின்னோட்டம் அப்போதும் அதே அளவு எழுந்தால், வேலை செய்தது உங்கள் மூலக்கூறு இல்லை, மின்முனையில் ஒட்டிய படிவு. நன்றி, வணக்கம்.